டி-டைமர் எண்ணை நம்பலாமா? தீவிர கொரோனாவில் ரத்த உறைவு

கொரோனா இரண்டாம் அலையின்போது வீட்டுக்கு வீடு இரண்டு எண்கள் பேசப்பட்டன. ஒன்று, நுரையீரல் பாதிப்பை 25-க்கு எத்தனை என்று சொல்லும் சி.டி. ஸ்கோர். மற்றொன்று, ரத்தப் பரிசோதனையில் வரும் டி-டைமர். நுரையீரலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டுமே நேரடியாகப் பதில் சொல்லாது. அப்போது பலரும் எடுத்த எச்.ஆர்.சி.டி. ஸ்கேன், சாயம் செலுத்தாமல் எடுப்பது. அதில் நுரையீரல் திசுவின் அழற்சி தெரியும். ரத்தக்குழாயை அடைத்திருக்கும் உறைகட்டி பொதுவாகத் தெரியாது. அதைப் பார்க்க, அயோடின் சாயத்தை ஊசி வழியாகச் செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ வேண்டும். 'ஸ்கோர் 8தான்' என்ற நிம்மதியில், மூச்சு வாங்குவதற்கான உண்மையான காரணத்தைத் தவறவிட இடமுண்டு.

கொரோனா தீவிரமாகும்போது நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தக்குழாய்களையும் தாக்குகிறது. குழாய்களின் உட்புறத்தை ஒற்றை அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம் மூடியிருக்கிறது. ரத்தம் உறையாமல் ஓடுவது பெரும்பாலும் இதன் தயவில்தான். நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் ஆகியவற்றைச் சுரந்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. எதிர்ப்பாற்றல் கட்டுமீறிக் கொந்தளிக்கும்போது இந்தப் படலம் புண்ணாகிறது. புண்ணான செல்கள் தட்டணுக்களை ஒட்டவைக்கும் வான் வில்பிராண்ட் காரணியையும், உறைகட்டி கரைவதைத் தடுக்கும் பி.ஏ.ஐ.-1 புரதத்தையும் வெளியே விடுகின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசுகின்றன. அதில் தட்டணுக்களும், உறைகட்டியைப் பின்னும் ஃபைப்ரின் புரத இழைகளும் சிக்குகின்றன. இதோடு அசையாத படுக்கை, காய்ச்சலில் நீர் வற்றிய உடல், கழுத்துச் சிரையிலோ தொடைச் சிரையிலோ மருந்து செலுத்தப் போட்ட குழாய் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. குழாய்ச் சுவரில் காயம், ரத்தத் தேக்கம், உறையும் தன்மை மிகுதல் என்று ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் பாடம் நடத்தும் மூன்று காரணங்களும் ஒரே நோயாளியிடம் கூடிவிடுகின்றன.

அதனால் உறைகட்டி இரண்டு வழிகளில் வரும். காலின் ஆழ்சிரையில் உருவாகி, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைப்பது பழைய வழி. நுரையீரலின் தந்துகிகள் எனும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களிலேயே பொடிப்பொடியாக உறைவது கொரோனாவில் மிகுதியாகக் காணப்பட்ட வழி. 2020-ல் வெளியான ஒரு பிரேதப் பரிசோதனை ஆய்வு, கொரோனாவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் இன்ஃபுளுயன்சாவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் ஒப்பிட்டது. தந்துகிகளில் இருந்த நுண் உறைகட்டிகள் கொரோனாவில் 9 மடங்கு அதிகம். அதே ஆண்டு நெதர்லாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 184 பேரைப் பின்தொடர்ந்தபோது, உறைவெதிர்ப்பு ஊசி மருந்தான ஹெப்பாரினைத் தடுப்பு அளவில் கொடுத்தும் 31 சதவீதத்தினருக்கு ரத்த உறைவுச் சிக்கல் வந்தது. பெரும்பாலானவை நுரையீரல் அடைப்பு. தட்டணு எண்ணிக்கை இயல்பாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கிருமி ரத்தத்தில் பரவிய கடும் செப்சிஸில் தட்டணுவும், ஃபைப்ரினாக மாறும் மூலப் புரதமான ஃபைப்ரினோஜனும் சரிவதுண்டு. கொரோனாவில், கடைசிக் கட்டம் வரும்வரை, தட்டணு ஏறக்குறைய இயல்பாகவும் ஃபைப்ரினோஜன் உயர்ந்தும் இருப்பதே வழக்கம்.

இனி டி-டைமர். உறைந்த ஃபைப்ரின் உடையும்போது வரும் துண்டு அது. நிமோனியா, கர்ப்பம், அறுவை சிகிச்சை, புற்றுநோய், முதுமை என எதிலும் உயரும். ஆக, அது உயர்ந்திருப்பது மட்டுமே உறைகட்டிக்குச் சான்றாகாது. பெரிய குழப்பம் அலகில் இருக்கிறது. சில ஆய்வகங்கள் ஃபைப்ரினோஜன் சமான அளவான எஃப்.இ.யு. அலகில் தருகின்றன, சில டி-டைமரின் அளவையே சொல்லும் டி.டி.யு. அலகில். முன்னது பின்னதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. போதாக்குறைக்கு ஒருவர் மைக்ரோகிராமில் எழுதுவார், இன்னொருவர் நானோகிராமில். திங்கள்கிழமை ஒரு லேபில் 0.8 மைக்ரோகிராம் எஃப்.இ.யு., புதன்கிழமை வேறு லேபில் 400 நானோகிராம் டி.டி.யு. என்று வந்தால் இரண்டும் ஒரே அளவுதான். குடும்பத்தார் கண்ணுக்கு மட்டும் ஐந்நூறு மடங்கு ஏறியிருக்கும். ஒரே லேபில், ஒரே அலகில் தொடர்ந்து பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். மருத்துவமனையில் சேர்க்கும்போது டி-டைமர் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் இறப்பு அதிகம் என்று வூஹான் தரவுகள் காட்டின. அது நோயின் தீவிரத்தைச் சொன்னதே தவிர, ஊசி மருந்தின் அளவைச் சொல்லவில்லை.

எண்ணைவிட நோயாளியின் உடல் சொல்வதே நம்பகமானது. சீராக இருந்த ஆக்சிஜன் அளவு திடீரென்று இறங்கி, நாடித்துடிப்பு ஏறி, எக்ஸ்-ரேயில் மட்டும் மாற்றமே இல்லாவிட்டால் முதல் சந்தேகம் நுரையீரல் அடைப்பு. படுக்கையருகே எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) செய்து, இதயத்தின் வலது கீழறை விரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கெண்டைக்கால்களை அளவுநாடாவால் அளந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கிய இடத்தில் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். டயாலிசிஸ் வடிகட்டி அடிக்கடி உறைந்து அடைத்தாலும் அதை எந்திரக் கோளாறாக மட்டும் நினைக்க வேண்டாம். கை அல்லது கால் சட்டென்று சில்லிட்டு வெளுத்து வலித்தால் தமனி அடைப்பு; காப்பாற்ற ஏறக்குறைய 6 மணி நேரம்தான். தொட்டால் வயிறு மென்மையாக இருக்க, நோயாளி மட்டும் வலியால் துடித்தால் குடல் தமனி அடைப்பை நினைக்க வேண்டும். பக்கவாதத்தின் அறிகுறிகளான வாய் கோணுதல், பேச்சுக் குழறல் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

சிகிச்சையில் 'தீவிரம் கூடினால் டோஸும் கூட வேண்டும்' என்ற எண்ணம் இயல்பானது. 2021-ல் வந்த பெரிய ஆய்வுகள் அதைக் கவிழ்த்தன. தீவிர சிகிச்சைக்குப் போகாமல் வார்டில் இருந்தவர்களுக்கு முழு அளவு ஹெப்பாரின் பயன் தந்தது. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்குப் பயன் தரவில்லை. ரத்தக்கசிவு அபாயம்தான் கூடியது. எனவே குறைந்த அளவு ஆக்சிஜன் உதவியில் இருப்பவர், டி-டைமர் உயர்ந்தவர், கசிவு அபாயம் இல்லாதவர் என்றால் ஹெப்பாரின் வகை மருந்தான ஈனாக்ஸபாரின் கிலோவுக்கு 1 மி.கி., நாளுக்கு இரு முறை. 60 கிலோ எடைக்கு 60 மி.கி. வீதம். ஐ.சி.யூ.வில், உறைகட்டி உறுதியாகாதவரை, வழக்கமான தடுப்பு அளவான 40 மி.கி. நாளுக்கு ஒரு முறை. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் (நிமிடத்துக்கு மி.லி. கணக்கில்) 30-க்குக் கீழே போனால் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது சாதாரண ஹெப்பாரினுக்கு மாற வேண்டும். ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் தட்டணு பாதியாகச் சரிந்தால் மருந்தே காரணமாக இருக்கலாம். நிறுத்திவிட்டு வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.

ஊசி போடும் முறையிலும் தவறுகள் நடக்கின்றன. முன்கூட்டியே நிரப்பி வரும் சிரிஞ்சின் முழு அளவையும் போடும்போது உள்ளே இருக்கும் காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது. தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழுவதும் ஏற்றி, மருந்து இறங்கும்வரை மடிப்பை விடாமல் போட வேண்டும். பிறகு தேய்க்கக் கூடாது. இடமும் வலமும் மாறி மாறி.

ஆஸ்பிரின்? ஏறத்தாழ 15,000 பேரைச் சேர்த்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் நாளுக்கு 150 மி.கி. கொடுத்தும் 28 நாள் இறப்பு குறையவில்லை. வீட்டில் லேசான காய்ச்சலோடு இருப்பவர் டி-டைமர் பார்த்து மாத்திரை வாங்கிப் போடுவது வீண். மழைக்காலத்தில் அது ஆபத்தும்கூட: காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின் ரத்தக்கசிவைத் தூண்டும். ஏற்கெனவே இதயத்துக்கென ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்கட்டும். செயற்கை இதய வால்வுக்காக அசிட்ரோம் என்ற உறைவெதிர்ப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, சாப்பாடு குறைந்து ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு எகிறும், சில நாளுக்கொருமுறை பார்த்தாக வேண்டும். ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் சாப்பிடுபவருக்கு ரிட்டோனாவிர் அடங்கிய கொரோனா மாத்திரை தந்தால், அந்த உறைவெதிர்ப்பு மருந்து ரத்தத்தில் தேங்கிக் கசிவு வரலாம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் அபாயம் தீர்ந்துவிடாது. ஸ்வீடன் மக்கள் பதிவேட்டு ஆய்வு, காலில் உறைகட்டி வரும் அபாயம் தொற்றுக்குப் பின் 3 மாதமும், நுரையீரல் அடைப்பு அபாயம் 6 மாதமும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அதற்காக எல்லோருக்கும் மாத்திரை எழுதுவதில்லை. உறைகட்டி உறுதியானவருக்குக் குறைந்தது 3 மாதம். மற்றவர்களில், முன்பு உறைகட்டி வந்தவர், புற்றுநோய் உள்ளவர் போன்ற அதிக அபாயக்காரர்களுக்கு மட்டும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். ஹெப்பாரினோ மாத்திரையோ இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் நிறுத்துகிறது. கரைப்பது உடலின் வேலை, அதற்குத்தான் அந்த 3 மாதம். அது முடிந்தும் மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறது என்பவருக்கு எக்கோவும், நுரையீரலில் காற்றும் ரத்தமும் போகும் அளவை ஒப்பிடும் வி.க்யூ. ஸ்கேனும் எடுத்து, கரையாத கட்டி தழும்பாகி நுரையீரல் ரத்த அழுத்தத்தை ஏற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சிரைப்பு என்றதும் இன்ஹேலர் எழுதி அனுப்புவது இந்த நோயாளிக்கு உதவாது.