போன்சாய்: குட்டை மரமா, சட்டி மரமா?

‘போன்சாய்’ என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், ‘குட்டை மரம்’ என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லில் குட்டை என்ற பொருளே கிடையாது. ஜப்பானியச் சொல்லான அது இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. முதலாவது ‘பொன்’: ஆழமில்லாத தட்டு போன்ற கலம். இரண்டாவது ‘சாய்’: நடுதல், நட்டு வளர்த்தல். மரத்தின் உயரத்தைப் பற்றிச் சொல் வாயே திறக்கவில்லை. மரம் எதில் நிற்கிறது, ஒருவர் அதை நட்டுப் பேணுகிறார் என்ற இரண்டை மட்டுமே சொல்கிறது. ஆழமற்ற கலத்தில் மரத்தை நட்டுச் சிறிதாகவே பேணும் இந்தக் கலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஒலிப்பையும் பார்த்துவிடலாம். ஜப்பானியர் முதல் எழுத்தைக் குறிலாகவே சொல்கிறார்கள். ‘பஸ்’ என்பதில் வரும் பகர ஒலி. ‘பொன்சாய்’ என்று எழுதுவதே அதற்கு நெருக்கம். ஆனால் தமிழ்க் கண்ணுக்கு அது தங்கமாகத் தெரியும் என்பதால் ‘போன்சாய்’ நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ‘சாய்’ என்பதைக் கேட்டு ‘சாய்ந்த மரம்’ என்று ஊகிக்கும் பிள்ளைகளும் உண்டு. சாய்ந்த வடிவத்துக்கு ஜப்பானில் தனிப் பெயர் இருக்கிறது: ‘ஷகான்’. நேராக நிமிர்ந்தது ‘சொக்கான்’, பாறை விளிம்பிலிருந்து கீழே தொங்குவது போன்றது ‘கெங்காய்’, ஒரே பக்கமாகக் காற்று வீசி ஒதுங்கியது ‘ஃபுகினாகாஷி’. ஒவ்வொன்றும் மலையிலோ கடற்கரையிலோ கண்ட மரத்தின் சாயல்தான். தங்கள் ஊரில் காற்று வளைத்த மரம் எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம்.

சொல்லும் கலையும் சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போனவை. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் சாங்ஹுவாய் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடியும் கற்களும் அமைந்த தட்டைப் பணியாள் ஏந்தி வருகிறார். ஜப்பானில் 1309-ஆம் ஆண்டுப் படச்சுருள் ஒன்றில் தட்டில் நட்ட மரங்கள் காணப்படுகின்றன. அங்கே பழைய பெயர் ‘ஹச்சி நோ கி’, அதாவது ‘கலத்து மரம்’. அதே பெயரில் ‘நோ’ என்ற ஜப்பானிய மரபு நாடக வகையில் ஒரு நாடகமும் உண்டு. பனி கொட்டும் இரவில் வாசலுக்கு வந்த துறவிக்குக் குளிர்காய விறகில்லை. வறுமையில் வாடும் போர்வீரர் தான் வளர்த்த பிளம், செர்ரி, பைன் மூன்றையும் வெட்டி அடுப்பில் இடுகிறார். கொடிக்குத் தேர் கொடுத்த பாரியைத் தெரிந்த பிள்ளைகளுக்கு, விருந்தினருக்கு மரத்தைக் கொடுத்தவரைப் புரியவைப்பது எளிது.

இன்றைய ஜப்பானியத்தில் ‘ஹச்சிஉஏ’ என்றால் நாம் சொல்லும் தொட்டிச்செடி, எந்தச் செடியானாலும் சரி. போன்சாய் வேறு. ஆகவே ‘தொட்டி மரம்’ என்ற மொழிபெயர்ப்பு பொருந்தாது. ‘வாமன மரம்’ என்றால் பிறவியிலேயே குள்ளம் என்று ஆகிவிடும்; போன்சாயின் விதையை நிலத்தில் போட்டால் முழு மரம்தான் வளரும். ‘குறுமரம்’ பரவலாக வழங்கும் நல்ல சொல்தான், ஆனால் இயல்பிலேயே சிறிதாக வளரும் மரவகைகளையும் அப்படித்தான் சொல்கிறோம். ‘தட்டு’ என்றால் மண் நிற்காது. ஆழம் குறைந்து வாயகன்ற மண்கலத்துக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு: சட்டி. எனவே மரத்துக்குச் ‘சட்டிமரம்’, கலைக்குச் ‘சட்டிமர வளர்ப்பு’ என்பதே மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது.

சிறுமை பிறவியல்ல என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடுவது மேல். அதற்கு ஏற்ற மரம் ஆலின் இனமான கல்லிச்சி (Ficus microcarpa). நம் ஊரிலும் வளரும், ஜப்பானின் தென்தீவான ஒகினாவாவிலும் வளரும். அங்கே அதன் பெயர் ‘கஜுமாரு’. அதில் ‘கிஜிமுனா’ என்ற செந்தலைக் குட்டிப் பூதம் குடியிருப்பதாக ஒகினாவா மக்கள் சொல்வார்கள். மீன்கண் என்றால் அதற்கு உயிராம். ஜப்பானிய மேப்பிளை நம் சமவெளியில் முயலவேண்டாம். இலையுதிர்த்து உறங்கக் குளிர்காலம் இல்லாமல் ஓரிரு ஆண்டுகளில் மெலிந்து போகும்.

ஒரே கல்லிச்சியிலிருந்து பென்சில் தடிமனில், 15 செ.மீ. நீளத்தில் இரண்டு குச்சிகளை வெட்டுங்கள். நுனியில் மூன்று நான்கு இலைகள் போதும். வெட்டுவாயில் வடியும் பால் தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் வெட்டுவது பெரியவர் வேலை. பிள்ளைகள் உடனே கை கழுவ வேண்டும். நிழலில் ஒரு மாதத்துக்குள் வேர் பிடிக்கும். பிறகு ஒன்றைப் பெரிய சாக்குப்பையில் நடுங்கள், மற்றதை 20 செ.மீ. அகலமும் 5, 6 செ.மீ. ஆழமும் உள்ள சட்டியில். மாதம் ஒரு முறை உயரத்தையும் அடிமரச் சுற்றளவையும் பிள்ளைகளே அளந்து எழுதட்டும். ஓராண்டில் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று நம்பமுடியாது.

சட்டியின் அடியில் குறைந்தது 1 செ.மீ. துளை இரண்டு வேண்டும், மேலே வலைத்துண்டு. ஜப்பானில் ‘அகடாமா’ என்ற எரிமலைக் களிமண் குருணையைப் பயன்படுத்துகிறார்கள். நமக்குச் செங்கல்லை நொறுக்கி, 2 முதல் 5 மி.மீ. அளவில் சலித்தது இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. தூளைக் கட்டாயம் நீக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: தூள் அடியில் இறங்கி அடைத்துக்கொள்ள, வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும்.

ஆழமற்ற கலத்தில் இது ஏன் இன்னும் ஆபத்து என்பதைப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு காட்டிவிடும். நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டுவது நிற்கும். அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் மறுபடி சொட்டும். உயரம் கூடினால் நீர் வடியும், குறைந்தால் தங்கும். சட்டி என்பது படுக்க வைத்த ஸ்பாஞ்சு. குருணை மண் வேண்டும் என்பதன் காரணத்தை எட்டு வயதுப் பிள்ளையும் இதில் பிடித்துக்கொள்ளும்.

நீர் ஊற்றுவதற்குக் கடிகாரம் பார்க்கக்கூடாது. ஒரு மரக்குச்சியை மண்ணில் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் பொறுங்கள். உலரத் தொடங்கியிருந்தால் பூவாளியால் அடித்துளை வழியே வெளியேறும் வரை ஊற்றி, சற்று விட்டு இன்னொரு முறை. ‘நீரூற்றக் கற்க மூன்றாண்டு’ என்பது ஜப்பானியத் தோட்டக்காரர் பேச்சு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வேர் நலமாக இருந்தால்தான் மேலே எந்த வடிவமும் தேறும்.

தளிர் ஆறு முதல் எட்டு இலை விட்டதும், இரண்டு மூன்று இலையை விட்டுவிட்டு மேலே கிள்ளலாம். நுனிமொட்டு போனதும் அதுவரை அடங்கியிருந்த பக்கமொட்டுகள் விழிக்கும். திரும்பத் திரும்பக் கிள்ள இலை சிறுக்கும். பூவும் காயும் மட்டும் சிறுக்காது. சட்டியில் வளர்ந்த எலுமிச்சையிலும் முழு அளவுப் பழம்தான். கிளையை வளைக்க, அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்குள்ள அலுமினியக் கம்பியை 45 பாகைச் சாய்வில் சுற்றுங்கள். கல்லிச்சி விரைந்து பருக்கும். ஆறு வாரத்துக்குள் பார்க்காவிட்டால் கம்பி பட்டையில் புதைந்து வடு விழும். எடுக்கும்போது சுருளைப் பிரிக்காமல் துண்டுதுண்டாக நறுக்கி எடுங்கள்.

‘மரத்துக்கு வலிக்காதா, பட்டினி போடுகிறோமா?’ என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். கேட்கவேண்டிய கேள்விதான். 1625 முதல் வளர்க்கப்பட்ட ஒரு பைன், யமாகி குடும்பத்தாரிடம் ஹிரோஷிமாவில் இருந்தது. 1945-இல் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில், சுவர் மறைப்பில் நின்று பிழைத்தது. 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போனது. அதன் கதை அங்குள்ளோருக்குத் தெரிந்ததோ 2001-இல் யமாகி குடும்பத்துப் பேரன்மார் பார்க்க வந்தபோதுதான். பட்டினி போட்ட மரம் நானூறு ஆண்டு வாழாது.

டோக்கியோவை 1923 நிலநடுக்கம் குலைத்தபின், போன்சாய் வளர்ப்போர் சிலர் நல்ல மண்ணும் நீரும் தேடி 1925-இல் வடக்கே உள்ள ஓமியாவில் ஊர் அமைத்தார்கள். குடியேறுவோர் பத்து மரமாவது வைத்திருக்கவேண்டும், வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும், மாடி கட்டக்கூடாது, வேலி உயிர்வேலியாக இருக்கவேண்டும் என்பவை அந்த ஊரின் அன்றைய கட்டுப்பாடுகள். மே 3 முதல் 5 வரை அங்கே பெருவிழா. மே 5 ஜப்பானில் குழந்தைகள் நாள்.

பார்ப்பதற்கும் முறை உண்டு. நின்றபடி மேலிருந்து பார்க்காமல், கண் சட்டியின் விளிம்புக்கு வரும்வரை குனிய வேண்டும். மண்ணைப் பற்றிப் பரவும் மேல்வேர் முதலில். அதற்குப் பெயர் ‘நெபாரி’. அங்கிருந்து அடிமரம், கிளை, உச்சி. வீட்டின் ‘டோகோனோமா’ மாடத்தில் தொங்கு ஓவியத்தின் அருகே இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். பிறகு மரம் மறுபடி வெயிலுக்குப் போய்விடும்.