குளத்துக்கு உரிமம் உண்டு, வாய்க்காலுக்கு?

நாகப்பட்டினம் கடலோர இறால் பண்ணைகளுக்கு நீர்ப் பரிசோதனைக்காகச் சென்றுவரும் எனக்கு, குளத்து நீரைக் காட்டிலும் வெளியே ஓடும் வாய்க்கால்தான் பெருங்கவலையாக இருக்கிறது. ஒருவர் அறுவடை முடித்து, கடல்நீர் ஏறியிறங்கும் உப்பனாற்றில் திறந்துவிடும் நீரை, அதே ஆற்றிலிருந்து மறுநாள் காலையில் இன்னொருவர் மோட்டார் வைத்து இறைத்துக்கொள்கிறார். இருவரிடமும் முறையான பதிவுச் சான்றிதழ் இருக்கிறது.

1990களில் நெல்வயல்கள் இறால் குளங்களாகிக் குடிநீர்க் கிணறுகள் உவர்த்துப்போனபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. அதற்குள் இறாலைக் கொல்லும் வெண்புள்ளி என்ற வைரஸ் நோயும் புகுந்து, பல பண்ணைகளை வெறும் பள்ளங்களாக விட்டுச்சென்றிருந்தது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது, விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் குளமாக்கக் கூடாது என்பன போன்ற விதிகள் வந்தன. 2009இல் வெளிநாட்டு இனமான வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தபோது, சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகளுக்கு மேல் விடக் கூடாது என்றும், பண்ணை எவ்வளவு சிறியதாயினும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளம் வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆனால் ஒரு ஹெக்டேர் மட்டுமே வைத்திருப்பவர், அந்தச் சுத்திகரிப்புக் குளத்திலும் குஞ்சு விட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடன் கழுத்தை நெரிக்கும்போது அவரை மட்டும் குறைசொல்ல மனம் வருவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் 5 டன் இறால் எடுக்க ஏறத்தாழ 7.5 டன் தீவனம் செலவாகிறது. அதில் நைட்ரஜன் மட்டுமே சுமார் 400 கிலோ இருக்கும். இறாலின் உடலில் சேர்வதோ அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். மீதியில் ஒரு பகுதி காற்றில் கலந்தாலும், பெரும்பகுதி நீரிலும் அடிச்சேற்றிலும் தங்கி, கடைசியில் வாய்க்காலுக்குத்தான் வருகிறது.

ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பரிசீலிக்கிறது. ஒரே உப்பனாற்றை நம்பி ஏற்கெனவே எத்தனை குளங்கள் இருக்கின்றன என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஒரு நீர்நிலை எத்தனை பண்ணைகளின் கழிவைத் தாங்கும் என்ற தாங்குதிறனைக் கணக்கிடும் முறைகளைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அந்தக் கணக்கை முதலில் முடித்து, அதன்பின் உரிமங்களைப் பங்கிடுவதே முறையான திட்டமிடல் என்பது என் கருத்து. ஆணையச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் சிறைத்தண்டனையை நீக்கியதில் எனக்கு வருத்தமில்லை; ஆனால் அபராதமும் தனிப் பண்ணையைத்தான் தேடிவருமேயன்றி, எல்லாருமாகக் கெடுத்த ஆற்றுக்கு யாரையும் பொறுப்பாக்காது.

கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் முயற்சியால் 2007இல் தொடங்கிய, நிலையான நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான தேசிய மையம், சிறு விவசாயிகளைச் சங்கங்களாகச் சேர்த்து, ஒரே வாரத்தில் குஞ்சு விடவும் நோய் கண்டால் உடனே அண்டையாருக்குச் சொல்லவும் பழக்கியது. தனிக் குளம் வெட்டத் தரும் மானியத்தில் ஒரு பகுதியை, இத்தகைய சங்கங்களுக்குப் பொதுச் சுத்திகரிப்புக் குளம் அமைக்க ஒதுக்கினால், ஒரு ஹெக்டேர்க்காரரும் தம் நிலத்தை இழக்காமல் விதியைக் கடைப்பிடிக்க முடியும்.

அதுவரை என் வேண்டுகோள் சிறியது. மேல்பக்கத்தில் யார் அறுவடை செய்கிறார் என்று விசாரித்துவிட்டு, கடல் ஏற்றத்தின்போது மட்டும் நீர் எடுங்கள். எடுத்ததை நேரே வளர்ப்புக் குளத்தில் விடாமல், தேக்கக் குளத்தில் நிறுத்திக் கிருமி நீக்கிய பிறகே பயன்படுத்துங்கள்.