வாளும் மாந்திரீகமும்: ஒரு கதைவகைக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆங்கிலத்தில் 'ஸ்வார்ட் அண்ட் சோர்சரி' என்று ஒரு கதைவகை உண்டு. கையில் வாளோடு ஊர் ஊராகத் திரியும் ஒரு முரட்டு ஆள், அவனுக்கு எதிரே ஒரு மந்திரவாதி, பாழடைந்த கோபுரம், புதையல். தமிழில் இதைப் பெரும்பாலும் 'மாயாஜாலக் கதை' என்று எழுதிவிடுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சொல் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

கதைகள் முதலில் வந்தன, பெயர் பிறகுதான் வந்தது. டெக்சாஸ்காரரான எழுத்தாளர் ராபர்ட் இ. ஹோவர்ட் படைத்த கோனன் என்ற வாள்வீரனின் கதை, 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்க இதழில் முதன்முதலாக வந்தது 1932 டிசம்பரில். ஹோவர்ட் 1936-இல் முப்பது வயதில் இறந்துபோனார். இந்த மாதிரிக் கதைகளை என்னவென்று அழைப்பது என்று எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் கேட்க, இன்னொரு எழுத்தாளரான ஃபிரிட்ஸ் லைபர் 'ஸ்வார்ட் அண்ட் சோர்சரி' என்ற பெயரைச் சொன்னது 1961-இல். பெயர் வைத்தபோது கோனனைப் பெற்றவர் போய் 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

'சோர்சரி'யின் வேர் லத்தீனில் 'சோர்ஸ்'. சீட்டுக் குலுக்கிப் போட்டு விதியைப் பார்ப்பது என்று பொருள். நம் கோயில்களில் திருவுளச்சீட்டு எடுப்போமே, அதுபோல. அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, விதியைப் பார்க்கிறவன் விதியையே திருப்புகிறவனாக மாறிவிட்டான். நம் ஊரில் குறி சொல்கிற கோடாங்கியும், செய்வினை வைக்கிற மந்திரவாதியும் வேறு வேறு ஆட்கள். அங்கே இருவருக்கும் ஒரே சொல்லாகிவிட்டது.

சரி, தமிழில் எதை வைப்பது? மாயாஜாலம் என்றால் இன்றைக்கு நமக்கு நினைவுக்கு வருவது தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுக்கும் மேடை வித்தை. அதில் வியப்பு உண்டு, பயம் கிடையாது. சூனியம் என்றால் பயம் உண்டு. ஆனால் அது ஒருவருக்கு வைக்கிற பொருள், வைக்கிற செயல். அந்தக் கலை முழுவதையும் குறிக்காது. மாந்திரீகம்தான் தொழிலின் பெயர். கற்றுக்கொள்ள வேண்டும், காசு வாங்கிக்கொண்டு செய்வார்கள், செய்தவன் மேலேயே திரும்பவும் கூடும். இந்தக் கதைகளில் வருவது அதுதான்.

மாந்திரீகம் வடசொல்லாயிற்றே என்று சிலர் தயங்கலாம். 'மந்திரம்' தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நிறைமொழி மாந்தர் ஆணையிட்டுச் சொன்ன மறைமொழியே மந்திரம் என்று செய்யுளியல் விளக்குகிறது. விளக்கம் தமிழில், விளக்கப்படும் சொல் மந்திரம். தொல்காப்பியரே வைத்துக்கொண்டதை நாம் ஏன் தள்ள வேண்டும்? 'வாள்' பற்றியும் அவர் சொல்லியிருக்கிறார்: வாள் என்றால் ஒளி. உறையிலிருந்து உருவும்போது மின்னுகிறதே, அந்த மின்னல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கதைகள் ஏன் இப்படி இழுக்கின்றன என்பதற்கு எனக்கு வில்லுப்பாட்டில்தான் விடை கிடைத்தது. நடுச்சாமம். வீசுகோல் வில்லில் விழுகிறது, குடமும் உடுக்கும் சேர்ந்து வேகம் எடுக்கின்றன. வல்லயம் என்னும் ஈட்டியை ஏந்திய காவல் தெய்வம் சுடலைமாடன் மேற்கு மலையைத் தாண்டி மலையாள நாட்டு மந்திரவாதியிடம் போகிறார். அந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடும். எங்கள் ஆச்சி என் தோளைத் தட்டி, "முழிச்சிருல, இனிமேதான் கதையே" என்பாள்.

மேற்கே தெரிகிற அந்த மலைக்கு அப்பால் மந்திரம் இருக்கிறது என்கிற எண்ணம் தாமிரபரணிக் கரையில் எல்லோருக்கும் உண்டு. சாமி கதையும் சாகசக் கதையும் ஒன்றல்ல. ஒன்று கும்பிடுவதற்கு, மற்றது படிப்பதற்கு. ஆனால் கேட்கிறவன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: மறைந்திருந்து ஆட்டுகிற சக்திக்கு எதிரே நேருக்கு நேர் ஒருவர் போய் நிற்கும் இடம். கோனனும் அங்கேதான் நிற்கிறான். உலகத்தைக் காக்க அவன் கிளம்புவதில்லை. பசி, கூலி, நட்பு, பழி, இவ்வளவுதான். மந்திரம் அவனுக்குத் தெரியாது, அதைக் கண்டால் மயிர்க்கூச்செறியும், ஆனாலும் உள்ளே போவான். கையில் ஒன்றுமில்லாதவனுக்கு அந்தத் துணிச்சல் எவ்வளவு பெரிய ஆறுதல்!

அப்புறம் 'பல்ப்'. 'வியர்ட் டேல்ஸ்' போன்ற மலிவுக் கதை இதழ்களுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். லத்தீனில் 'புல்பா' என்றால் சதை. பழத்தின் சதையும் அதுதான். மரத்தை அரைத்துக் கூழாக்கிச் செய்த மலிவுத் தாளில் அச்சிட்டதால் இதழ்களுக்கு அந்தப் பெயர் வந்தது. 'ஆர்கஸி' என்ற அமெரிக்க இதழ் 1896-இல் இந்தத் தாளுக்கு மாறி, முழுக்கக் கதைகளோடு பத்து சென்ட்டுக்கு விற்றது. காகிதக்கூழ் என்பது ஆலைக்குச் சரி, கதைக்குச் சரிவராது. ரஃப் நோட்டுக்கு நாம் வாங்கிய அந்தப் பழுப்புத் தாளுக்கு நல்ல தமிழ்ப்பெயர் ஏற்கெனவே இருக்கிறது: சாணித்தாள். 'சாணித்தாள் கதை' என்று தாராளமாகச் சொல்லலாம். இதில் இழிவு எதுவும் இல்லை. அந்தத் தாள் மலிவாக இருந்ததால்தான் கதை கூலிக்காரன் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆகவே, வகையின் பெயராக 'வாளும் மாந்திரீகமும்', தனிக்கதைக்கு 'வாள்-மாந்திரீகக் கதை'. நம் சீமையை வைத்து யாராவது இப்படி எழுதினால் பெயரில் இரண்டு எழுத்து கூட்டிக்கொள்ளலாம். அரிவது அரிவாள், அதற்குள்ளும் வாள் இருக்கிறது. 'அரிவாளும் மாந்திரீகமும்' என்று அட்டையில் போட்டால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.