கீழ்ப்படிதல் எப்படி உடைகிறது? பெட்ரோகிராட், 1917: எட்டு நாட்கள்

1917 பிப்ரவரி 27, இரவு. ரஷ்யாவின் தலைநகரான பெட்ரோகிராடில் ராணுவச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டதை ஊருக்குச் சொல்ல வேண்டும். நகரின் ராணுவத் தளபதி ஜெனரல் ஹபாலோவ் போஸ்டர்கள் அச்சடித்துவிட்டார். ஒட்டத்தான் வழியில்லை. பசை கிடைக்கவில்லை, பிரஷ்ஷும் கிடைக்கவில்லை. கடைசியில் சில போஸ்டர்களை ஒரு பூங்காவின் கம்பிவேலியில் செருகிவிட்டு வந்தார்கள். அவையும் காற்றில் பிய்ந்து தரையில் விழுந்தன.

நான்கு நாட்களுக்கு முன்னால் அதே ஹபாலோவின் கையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் இருந்தார்கள். போலீஸ் இருந்தது, குதிரைப்படை இருந்தது, 304 ஆண்டுகளாக நாட்டை ஆண்டுவந்த ரோமனோவ் வம்சத்தின் அதிகாரம் இருந்தது. உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை ஆண்ட அந்த அரசு, போஸ்டர் ஒட்ட முடியாத நிலைக்கு நான்கே நாட்களில் எப்படி வந்தது?

(தேதிகள் எல்லாம் அப்போது ரஷ்யாவில் இருந்த பழைய காலண்டர்படி. நம் காலண்டருக்கு 13 நாட்கள் கூட்டிக்கொள்ளுங்கள்.)

மக்கள் பசித்தார்கள், பொங்கினார்கள், மன்னர் விழுந்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பசித்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாக அடங்கிக் கிடந்த நாடுகள்தான் வரலாற்றில் அதிகம். அதைவிட, ரஷ்யாவில் அந்த வருடம் தானியமே இல்லாமல் போகவில்லை. முதல் உலகப் போரில் துருக்கி எதிரணியில் சேர்ந்ததும் கருங்கடலிலிருந்து வெளியே போகும் கடல்வழி அடைபட்டது. ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த கோதுமை உள்நாட்டிலேயே தங்கிவிட்டது. நாடு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் பஞ்சம் வந்திருக்கக் கூடாது.

வந்தது. ஏன் என்று பார்க்க ஒரு விவசாயியின் களஞ்சியத்துக்குள் போக வேண்டும். போருக்குப் பணம் வேண்டி அரசு ரூபிள் நோட்டை அச்சடித்துத் தள்ளியது. 1914-ல் மதுவிலக்கு வேறு கொண்டுவந்திருந்தார்கள். அரசின் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் வோட்கா விற்பனையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றது. நோட்டு பெருகப் பெருக மதிப்பு இறங்கியது. தானியத்துக்கோ அரசு ஒரு விலையைக் கட்டி வைத்தது. தொழிற்சாலைகள் எல்லாம் பீரங்கிக் குண்டு செய்யப் போய்விட்டதால் ஆணி, துணி, கலப்பை எதுவும் கிராமத்துக்கு வரவில்லை. வாங்க ஒன்றும் இல்லாத இடத்தில், நாளுக்கு நாள் மதிப்பு குறைகிற காகிதத்துக்கு எவன் கோதுமையை விற்பான்? மாட்டுக்குப் போட்டான், பதுக்கினான், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான்.

விற்ற கொஞ்சத்தையும் கொண்டுவர வேண்டியது ரயில். தானியம் விளைவது தெற்கே, தலைநகரம் இருப்பது வடமேற்குக் கோடியில். ரயில்களில் பெரும்பங்கு போர்முனைக்குப் போனது. 1917 தொடக்கத்தில் அடித்த குளிரில் இன்ஜின்களின் குழாய்கள் உறைந்து வெடித்தன, வேகன்கள் பனிக்குவியலில் சிக்கி நின்றன. மாவு வந்த நாட்களிலும் சில பேக்கரிகளில் அடுப்பெரிக்க விறகு இல்லை.

பிப்ரவரி 19 அன்று, மார்ச் 1 முதல் ரொட்டிக்கு ரேஷன் என்று ஒரு அறிவிப்பு வந்தது. க்யூவில் நின்று பழகியவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இருந்ததை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ள ஊரே கடைக்கு ஓடியது, அலமாரிகள் ஒரே நாளில் காலியாயின. மாவு போதுமான அளவு இருக்கிறது என்று ஹபாலோவ் பின்னால் ஒரு அறிவிப்பும் ஒட்டிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை.

தொழிற்சாலையில் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்துவிட்டு, விடியுமுன்பே ரொட்டிக் கடை வாசலில் உறைபனியில் நின்ற பெண்களைப் பற்றி ஜனவரியிலேயே ஜார் மன்னரின் ரகசியப் போலீஸ் எழுதி வைத்திருந்தது. முடிவில்லாத வரிசைகளில் நின்று களைத்த, அரைப்பட்டினிக் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து நொந்த இந்தத் தாய்மார்கள்தான் எதிர்க்கட்சிப் பிரமுகர்களைவிட ஆபத்தானவர்கள், ஒரு பொறி போதும் என்பது அந்த அறிக்கையின் சாரம். அந்த வேலையில் இருந்தவர்கள் நிலைமையைச் சரியாகவே படித்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியதை ஆட்சியில் இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கோபம் அரியணைமீதே திரும்பியதற்கு ஜார் இரண்டாம் நிக்கோலஸும் ஒரு காரணம். மன்னராட்சிகளுக்கு ஒரு கவசம் உண்டு. ராஜா நல்லவர், மந்திரிகள்தான் மோசம் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வது. 1915 ஆகஸ்டில் ராணுவத்தின் தலைமைத் தளபதி பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டபோது நிக்கோலஸ் அந்தக் கவசத்தைத் தன் கையாலேயே கழற்றிவிட்டார். அதற்கப்புறம் தோற்ற ஒவ்வொரு சண்டையும் அவர் தோற்ற சண்டை ஆனது. அவர் மொகிலேவ் நகரிலிருந்த ராணுவத் தலைமையகத்துக்குப் போய்விட, தலைநகரில் ஜெர்மனியில் பிறந்த மகாராணி அலெக்சாண்ட்ராவும் அவருக்கு நெருக்கமான சாமியார் ரஸ்புடினும்தான் ஆட்டிவைக்கிறார்கள் என்ற பேச்சு அரண்மனை வரைக்கும் பரவியது. 1916 டிசம்பரில் ரஸ்புடினைக் கொன்ற கூட்டத்தில் ஜாரின் உறவினர் ஒருவரும் இருந்தார்.

சரி, இவ்வளவும் எரிபொருள். நெருப்பு பிப்ரவரி 23 அன்று பிடித்தது. சர்வதேசப் பெண்கள் தினம். நகரின் வைபர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அவசரப்படாதீர்கள் என்று அவர்களிடம் முந்தின நாள்தான் புரட்சிக் கட்சியான போல்ஷ்விக்குகளின் அந்தப் பகுதித் தலைவரே கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் பக்கத்து உலோகத் தொழிற்சாலைகளின் ஜன்னல்களில் பனிக்கட்டிகளை எறிந்து, உள்ளே இருந்த ஆண்களை வெளியே கூப்பிட்டார்கள். அன்றைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், மறுநாள் அதைப் போல் இரண்டு மடங்கு. பாலங்களைப் போலீஸ் மறித்தால் உறைந்து கிடந்த நெவா ஆற்றின் மேலேயே நடந்து நகர மையத்துக்குப் போனார்கள்.

யாருமே இதை எதிர்பார்க்கவில்லை. அதே ஜனவரியில் சூரிச் நகரில் பேசிய போல்ஷ்விக்குகளின் தலைவர் லெனின், வரப்போகும் புரட்சியின் முடிவான போர்களைத் தன்னைப் போன்ற மூத்த தலைமுறை உயிரோடு இருந்து பார்க்காமல் போகலாம் என்று சொல்லியிருந்தார். மகாராணியோ, இது காலிப் பையன்கள் செய்கிற வேலை, குளிர் கடுமையாக இருந்தால் வீட்டிலேயே கிடப்பார்கள் என்று கணவருக்குக் கடிதம் எழுதினார்.

எல்லோருமே ஏன் ஏமாந்தார்கள் என்பதற்கு மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1978-ல் ஒரு எளிய கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சதுக்கத்தில் 100 பேர் நிற்கிறார்கள். முதல் ஆளுக்கு யார் துணையும் வேண்டாம், தானே கல்லெடுப்பான். இரண்டாவது ஆள் ஒருவன் இறங்கினால்தான் இறங்குவான். மூன்றாமவனுக்கு இரண்டு பேர் இறங்கியிருக்க வேண்டும். இப்படியே நூறாவது ஆளுக்கு 99 பேர். முதல் ஆள் கல்லெடுத்ததும் சரம் சரமாக நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம். இரண்டாவது ஆளுக்குப் பதிலாக, இரண்டு பேர் இறங்கினால்தான் நான் வருவேன் என்கிற ஒருவனை நிறுத்துங்கள். முதல் ஆள் கல்லெடுப்பான், வேறு யாரும் அசைய மாட்டார்கள். அவனைப் பிடித்துப் போவார்கள், கதை முடிந்தது. இரண்டு கூட்டத்துக்கும் கோபத்தில் ஏதும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் ஊரில் கலவரம் நடந்தது என்று செய்தி வரும், இரண்டாவது ஊரில் ஒரு கிறுக்கன் கல்லெறிந்தான் என்று வரும்.

ஒவ்வொருவர் மனதிலும் இருக்கும் அந்த எண்ணிக்கை வெளியே தெரியாது. போலீஸுக்கும் தெரியாது, புரட்சிக்காரனுக்கும் தெரியாது, சம்பந்தப்பட்ட ஆளுக்கே பல நேரம் தெரியாது. எரிபொருள் நிறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாம், அந்த ரகசியப் போலீஸ் கண்டுபிடிக்கவும் செய்தது. எந்தப் பொறி எங்கே நிற்கும் என்று சொல்வதுதான் முடியாத காரியம்.

பெட்ரோகிராடில் இந்தக் கணக்கு ஊர்வலம் போனவர்களோடு நிற்கவில்லை. எதிரே துப்பாக்கியோடு நின்றவர்களுக்கும் அதே கணக்குதான். முதல் நாட்களில் கோசாக் குதிரைப்படையினர் கூட்டத்தை மிதித்துக்கொண்டு பாய்ந்து வரவில்லை. குதிரைகளை நிறுத்திக்கொண்டு சும்மா இருந்தார்கள். தொழிலாளர்கள் குதிரைகளின் வயிற்றுக்கடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார்கள். உயர அமர்ந்திருந்தவன் கண்டும் காணாததுபோல் இருந்த அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒன்றைத் தெரிந்துகொண்டன.

25-ஆம் தேதி இரவு மொகிலேவிலிருந்து ஜாரின் தந்தி வந்தது. போர்க்காலத்தில் பொறுக்க முடியாத இந்தக் கலகத்தை நாளைக்கே அடக்கு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, துருப்புகள் சுட்டன. ஸ்னமென்ஸ்கயா சதுக்கத்தில் மட்டும் 40 பேருக்கு மேல் செத்தார்கள். அன்று மாலையே பாவ்லோவ்ஸ்கி ரெஜிமென்ட்டின் ஒரு பிரிவு, நம் ஆட்களே சுட்டார்கள் என்று கேள்விப்பட்டுத் துப்பாக்கிகளோடு தெருவில் இறங்கியது. மற்ற படைகள் சேரவில்லை. அவர்களைத் திரும்பப் பாசறைக்குள் அடைத்து, முன்னால் நின்ற 19 பேரைக் கோட்டைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஆள் கல்லெடுத்து மற்றவர்கள் அசையாமல் நின்ற ஊர் என்று சொன்னேனே, அது அந்த மாலைப் பொழுது.

அன்றைய இரவுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மனதை உலுக்குகிற இடம். சதுக்கத்தில் சுட்டவர்கள் வொலின்ஸ்கி ரெஜிமென்ட்டின் பயிற்சிப் பிரிவினர். பாசறைக்குத் திரும்பியவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. கிர்பிச்னிகோவ் என்ற சார்ஜென்ட் மற்ற கீழ்நிலை அதிகாரிகளைக் கூட்டிப் பேசினார். நாளை மறுபடியும் சுடச் சொல்வார்கள். சுடக் கூடாது. 27 காலையில் வீரர்கள் வரிசையில் நின்றார்கள், கேப்டன் லாஷ்கெவிச் வந்தார். வெளியே வர மறுத்தார்கள். பாசறை முற்றத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்த கேப்டனை ஒரு குண்டு வீழ்த்தியது.

அந்தக் குண்டோடு கணக்கு தலைகீழானது. அதுவரை, அடங்கிப் போனால் உயிருக்குப் பத்திரம், மீறினால் ஆபத்து. இப்போது வொலின்ஸ்கி வீரர்களுக்கு அடங்கிப் போவதுதான் ஆபத்து, ராணுவ நீதிமன்றம் சும்மா விடாது. எத்தனைக்கு எத்தனை அதிகம் பேர் கலகத்தில் சேர்கிறார்களோ அத்தனைக்கு அத்தனை பத்திரம். அதனால்தான் அவர்கள் உடனே பக்கத்துப் பாசறைகளுக்கு ஓடினார்கள். ப்ரியோப்ரஷென்ஸ்கி வீரர்கள் வந்தார்கள், லித்தோவ்ஸ்கி வீரர்கள் வந்தார்கள். காலையில் பத்தாயிரம் பேராக இருந்த கலகக்காரர்கள் மாலைக்குள் அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஹபாலோவுக்குப் பசை கிடைக்காமல் போனது அந்த இரவில்தான்.

1905-லும் இதே ஊரில் இதே ஜார்மீது மக்கள் எழுந்தார்கள். ஜனவரியில் அரண்மனை முன்னால் ஊர்வலத்தைச் சுட்டார்கள், நாடே கொதித்தது, ஆனால் ராணுவத்தின் பெரும்பகுதி கடைசிவரை ஜார் பக்கம் நின்றது. ஆட்சி பிழைத்துக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் என்ன மாறியது? அந்தப் பழைய, பழகிய காவல்படையினரில் பெரும்பாலோர் ஜெர்மன் போர்முனையில் மடிந்துவிட்டார்கள். 1917-ல் பெட்ரோகிராட் பாசறைகளில் இருந்தவர்கள் நேற்றுவரை ஏர் பிடித்த விவசாயிகள், ஆலைத் தொழிலாளர்கள், காயம் ஆறித் திரும்பவும் போர்முனைக்குப் போகக் காத்திருந்தவர்கள். இருபதாயிரம் பேருக்குக் கட்டிய இடத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். க்யூவில் நின்ற பெண்கள் அவர்களுடைய அம்மாக்களையும் மனைவிகளையும் போல இருந்தார்கள். ரத்தம் சிந்தாத புரட்சி என்று சிலர் இதைச் சொல்வதுண்டு. அந்த நாட்களில் தலைநகரில் செத்தவர்களும் காயப்பட்டவர்களுமாக ஆயிரத்துக்கு மேல்.

தலைநகரம் கைவிட்டுப் போனாலும் நாடு பெரியது, போர்முனையில் லட்சக்கணக்கான படை இருந்தது. அதைக் கொண்டுவரலாமே? இங்கே ரயிலும் தந்தியும் மறுபடியும் குறுக்கே வந்தன. துமா என்கிற நாடாளுமன்றத்தின் உறுப்பினர் புப்ளிகோவ் 28-ஆம் தேதி சில வீரர்களோடு ரயில்வே அமைச்சகத்துக்குள் நுழைந்தார். ரயில்வேக்குத் தனித் தந்தி வலை இருந்தது. பழைய ஆட்சி விழுந்துவிட்டது, அதிகாரத்தைத் துமா எடுத்துக்கொண்டது என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் செய்தி பறந்தது. ஆட்சி இன்னும் முழுதாக விழவில்லை. விழுந்துவிட்டது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் நம்பியது அதை விழவைத்தது.

ஜார் அன்று விடியற்காலையில் மொகிலேவிலிருந்து தனி ரயிலில் கிளம்பியிருந்தார். தலைநகருக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், மாலயா விஷேரா ஸ்டேஷனில், முன்னால் உள்ள நிலையங்கள் கலகக்காரர்கள் கையில் இருக்கின்றன என்று செய்தி வந்தது. ரயில் திரும்பி, சுற்றிக்கொண்டு, மார்ச் 1 மாலை பிஸ்கோவ் நகரில் போய் நின்றது. மறுநாள், ராணுவத் தலைமையகத்தில் ஜாருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஜெனரல் அலெக்சேயேவ், போர்முனைத் தளபதிகள் ஒவ்வொருவரிடமும் தந்தியில் கருத்துக் கேட்டார். முடி துறப்பதே வழி என்று பதில்கள் வந்தன. அதில் ஒன்று ஜாரின் சொந்த உறவினரான நிக்கோலாய் நிக்கோலாயெவிச்சுடையது. சதுக்கத்தில் நின்றவனுக்கும் பாசறையில் நின்றவனுக்கும் இருந்த அதே கணக்குதான் தளபதிகளுக்கும். மற்றவர் என்ன சொல்வார் என்று தெரிந்ததும் தன் மனதில் இருந்ததைச் சொல்வது எளிதாகிவிட்டது.

நிக்கோலஸ் தம்பி மிகாயிலுக்கு முடியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். துரோகமும் கோழைத்தனமும் வஞ்சகமும் சுற்றிலும் என்று அன்று டைரியில் எழுதினார்.

மறுநாள் மார்ச் 3, பெட்ரோகிராடில் ஒரு வீட்டில் துமாவின் பிரமுகர்கள் மிகாயிலைச் சந்தித்தார்கள். ஏற்றுக்கொள்ளச் சிலர் சொன்னார்கள், வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். மிகாயில் துமாவின் தலைவர் ரோட்ஸியான்கோவிடம் ஒன்று கேட்டார்: நான் முடி சூடினால் என் உயிருக்கு உத்தரவாதம் தர முடியுமா? முடியாது என்றார் ரோட்ஸியான்கோ. நகரத்தில் இருந்த ஒன்றரை லட்சம் வீரர்களில் அவர் சொன்னால் கேட்கக்கூடியவர்கள் யாரும் இல்லை. அன்றே மிகாயிலும் மறுத்துக் கையெழுத்துப் போட்டார்.