கேமன் தீவுகளில் டிரேட்மார்க்: சான்றிதழ் வந்த பிறகும் ஜனவரியை மறக்காதீர்கள்

கரீபியன் கடலில் இருக்கும் கிராண்ட் கேமன் தீவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவருக்குத் தணிக்கை நிறுவனத்தில் வேலை. மனைவி வீட்டில் ஊறுகாய் போட்டு, பாட்டிலில் அடைத்து, தன் பாட்டியின் பெயரையே லேபிளில் அச்சடித்து விற்கிறார். வணிக உரிமம் வாங்கியாயிற்று, சின்னதாக ஒரு கம்பெனியும் பதிவு செய்தாயிற்று, .கேஒய் என்று முடியும் இணைய முகவரியும் கையில் இருக்கிறது. "அப்புறம் என்ன, பெயர் நம்முடையதுதானே?" என்று அவர்கள் நினைத்தால், அது தப்புக் கணக்கு.

கம்பெனிப் பதிவு என்பது ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதற்கான பதிவு. வணிக உரிமம் கடை நடத்துவதற்கான அனுமதி. இரண்டுமே அந்தப் பெயரை வேறொருவர் தன் பாட்டிலில் ஒட்டாமல் தடுக்கும் உரிமையைத் தருவதில்லை. அந்த உரிமை டிரேட்மார்க் பதிவில்தான் கிடைக்கும். பதிவு இல்லாதவருக்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கேமனில் ஆங்கிலேயப் பொதுச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், தன் சரக்கைப் போலக் காட்டி ஏமாற்றி விற்பவர் மீது வழக்குத் தொடுக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்குச் சந்தையில் ஏற்கெனவே நல்ல மதிப்பு உண்டு, எதிராளி வாங்குபவர்களைக் குழப்பினார், அதனால் தமக்கு நஷ்டம் என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். சிறு வியாபாரிக்கு அது தாங்காத செலவு.

கேமன் தீவுகள் மொத்தமே மூன்று: கிராண்ட் கேமன், கேமன் பிராக், லிட்டில் கேமன். பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. மக்கள் தொகை 2021 கணக்கெடுப்பில் சுமார் 71,000. இவ்வளவு சின்ன இடத்துக்குத் தனி டிரேட்மார்க் சட்டமா என்று கேட்கலாம். நீண்ட காலம் முழுமையான தனிச் சட்டம் இல்லாமல்தான் இருந்தது. அப்போது ஒரு பெயரைக் கேமனில் பாதுகாக்க வேண்டுமானால், முதலில் பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ பதிவு செய்து, அந்தப் பதிவைக் காட்டித்தான் கேமன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள முடியும். கேமன் தலைநகர் ஜார்ஜ்டவுனில் கேக் விற்பவர், தன் தெருவில் தன் பெயரைக் காக்க, 7,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் லண்டன் வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. உள்ளூர்க்காரருக்குப் பெரிய அநியாயம் அது.

2016ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம் 2017 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்ததும் இது மாறியது. இப்போது கேமன் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பலர் தடுமாறுவது அங்கேதான். பிரிட்டன் பதிவைக் கேமனுக்கு நீட்டிக்கும் பழைய வழி புதியவர்களுக்கு அடைபட்டுவிட்டது. முன்பே அப்படி ஏற்றப்பட்ட பதிவுகள் தொடர்கின்றன. ஆனால் இன்று ஒருவர் கையில் பிரிட்டன் சான்றிதழ் இருந்தாலும், கேமனில் அது தானாகச் செல்லாது.

இந்தியாவிலிருந்து யோசிப்பவர்களுக்கும் இதே பாடம்தான். இந்தியா 2013இல் மாட்ரிட் ஒப்பந்தத்தில் சேர்ந்ததால், ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறித்துக் கேட்கலாம். அந்தப் பட்டியலில் கேமனைச் சேர்க்க முடியாது. கேமனில் வேண்டுமென்றால் கேமனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் அங்கே பதிவு பெற்ற முகவர் ஒருவர் மூலமாக.

சரி, எதைப் பதிவு செய்வது? சரக்கையும் சேவையையும் உலகெங்கும் பயன்படும் நைஸ் வகைப்பாட்டின்படி 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் 34 பொருள்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. நம் ஊறுகாய்க்காரம்மாவை இங்கே கொஞ்சம் கவனியுங்கள். ஊறுகாய் 29ஆம் வகுப்பு. அதே மாங்காயைச் சட்னியாக்கி அடைத்தால் அது 30ஆம் வகுப்பு. சாம்பார் பொடியும் 30தான். நாளைக்கு இரண்டு மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறத் தொடங்கினால் அது 43. ஒரே அடுப்படியிலிருந்து வருவது மூன்று வகுப்புகளில் விழுகிறது! வகுப்பு கூடக் கூடச் செலவும் கூடும். ஆகவே இன்று விற்பதையும், ஓரிரு ஆண்டுகளில் நிச்சயமாக விற்கப்போவதையும் மட்டும் கேட்டால் போதும் என்பது என் கருத்து. ஆசைக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுக் கட்டணம் கட்ட முடியாமல் திணறுவதில் பயனில்லை.

பெயரிலும் கவனம் வேண்டும். 'கார ஊறுகாய்' என்ற பொருளில் ஒரு பெயரைக் கேட்டால் அலுவலகம் மறுக்கும். அது சரக்கின் வர்ணனை, எல்லா வியாபாரிக்கும் தேவையான சொல். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக் கேட்பதும் இதே சிக்கலில் மாட்டும். பாட்டியின் பெயரோ, புதிதாக உண்டாக்கிய ஒரு சொல்லோ வலுவானது. லேபிள் அச்சடிக்கும் முன்பே, அதே போன்ற பெயர் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முகவரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்நூறு லேபிள் அடித்துவிட்டுப் பெயரை மாற்றுவது வேதனை.

அலுவலகம் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டால், விண்ணப்பம் அறிவுசார் சொத்து அரசிதழில் வெளியாகும். அதிலிருந்து 60 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை தெரிவிக்கலாம். இந்தியாவில் இதற்கு நான்கு மாதம், இங்கே பாதிதான். தன் பெயரைப் போன்ற ஒன்றை யாராவது கேட்கிறார்களா என்று கண்காணிக்க நினைப்பவர் சற்று வேகமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். ஆட்சேபணை வராவிட்டால் பதிவாகும், சான்றிதழ் வரும். ஆயுள் 10 ஆண்டு. மீண்டும் மீண்டும் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இந்தியாவில் டிரேட்மார்க் வைத்திருப்பவர் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், நடுவில் கட்டணம் எதுவும் இல்லை. அந்தப் பழக்கத்தில் கேமன் சான்றிதழையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் ஆபத்து. கேமனில் புதுப்பித்தல் கட்டணம் தனி, ஆண்டுக் கட்டணம் தனி. ஆண்டுக் கட்டணம் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் கட்ட வேண்டியதாகிறது. பதிவான தேதியிலிருந்து ஓராண்டு என்று எண்ணக் கூடாது. ஏப்ரலில் பதிவு செய்தவருக்கும் நவம்பரில் பதிவு செய்தவருக்கும் ஒரே நாள்தான். மார்ச் 31 வரை அபராதம் இல்லாமல் கட்டலாம். அதற்குப் பிறகு அபராதத்தோடுதான்.

கட்டாவிட்டால் அபராதத்தோடு போய்விடுவதில்லை. நிலுவையும் அபராதமும் தீரும் வரை பதிவு தரும் உரிமைகள் நிறுத்தி வைக்கப்படும். பெயர் பதிவேட்டில் இருக்கும், சான்றிதழும் கையில் இருக்கும். ஆனால் பக்கத்துக் கடைக்காரர் அதே லேபிளை ஒட்டி விற்கும்போது அந்தச் சான்றிதழைக் காட்டித் தடுக்க முடியாது. நிலுவை ஓராண்டைத் தாண்டினால் பதிவாளர் பதிவையே ரத்து செய்யலாம். நூறு பாட்டில் விற்பவருக்கு இந்த ஆண்டுக் கட்டணம் சுமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் யாரும் பயன்படுத்தாத பெயர்கள் பதிவேட்டை அடைத்துக்கொண்டு கிடந்தால் அடுத்து வரும் சிறு வியாபாரிக்குத்தான் பெயர் கிடைக்காது. அதை நினைத்தால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

பணக் கணக்கிலும் ஒரு விஷயம். கேமன் டாலர் வேறு, அமெரிக்க டாலர் வேறு. ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலருக்குச் சமம். முகவர் அனுப்பும் பில்லில் எந்த டாலர், அரசுக் கட்டணம் எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு, எத்தனை வகுப்புக்கு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டணம் தவறுவதற்குப் பணமில்லாமை மட்டுமா காரணம்? பெரும்பாலும் கடிதம் போய்ச் சேராததுதான். ஜனவரி நினைவூட்டல் முகவரிடமிருந்து வரும். நீங்கள் மின்னஞ்சலை மாற்றியிருப்பீர்கள், வேலை முடிந்து ஊர் திரும்பியிருப்பீர்கள், முகவர் மாறியிருப்பார். வீடு மாறினால் மின்வாரியத்துக்குச் சொல்வதுபோல் முகவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். கடையை விற்றாலோ, பெயரை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தாலோ, அந்த உரிமை மாற்றமும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஊறுகாய்த் தொழிலைத் தங்கைக்கு விட்டுவிட்டுச் சென்னை திரும்பும் அக்கா, வாயால் "இனி இது உன்னுடையது" என்று சொன்னால் போதாது. பதிவேடு இன்னும் அக்கா பெயரைத்தான் காட்டிக்கொண்டிருக்கும், நினைவூட்டலும் அக்காவுக்குத்தான் வரும்.

இதைப் படிக்கும்போதே மார்ச் தாண்டியிருந்தால், அடுத்த ஜனவரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே முகவருக்கு எழுதி, இன்றைய தேதிக்கு நிலுவையும் அபராதமும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். பணம் கட்டியதும் ரசீதை வாங்கி, சான்றிதழோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.