மணலும் கசடும் ஓடும் லைனுக்கு எந்த பம்ப்?

சுத்தமான தண்ணீர் என்றால் பெரும்பாலான பம்புகள் சமாளித்துவிடும். அதே லைனில் மணல் கலந்த நீரோ, சுரங்கத்துத் தாதுக் குழம்போ, சுத்திகரிப்பு நிலையத்துக் கசடோ வந்தால் கதையே வேறு, தப்பான பம்பைப் போட்டிருந்தால் சீக்கிரமே இம்பெல்லரின் (பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரம்) விளிம்பு அரித்துப்போய் அழுத்தம் இறங்கிவிடும். இந்த மாதிரி வேலையில் தேய்மானத்தை ஒழிக்க முடியாது, எந்தப் பாகம் தேயட்டும், எவ்வளவு மெதுவாகத் தேயட்டும் என்று முடிவு செய்வதுதான் நம் கையில் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது வேகம். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் (கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் அளவு) 7, சாதாரண இரும்பு அதன்முன் நிற்காது. துகள்கள் உரசும் வேகம் கூடினால் தேய்மானம் அதன் 2.5 முதல் 3 வரையிலான அடுக்கில் (பவர்) ஏறுகிறது, அதாவது வேகத்தைப் பாதியாக்கினால் தேய்மானம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, சில நேரம் எட்டில் ஒரு பங்குதான். சரி, மெதுவாக ஓட்டிவிடலாமே என்றால், இம்பெல்லரைச் சுழற்றி வேலை செய்யும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் திரவத்தைத் தள்ளுவதே வேகத்தை வைத்துத்தான். சுழற்சியைப் பாதியாக்கினால் ஏற்றும் உயரம் கால்வாசியாகிவிடும். அதனால்தான் அதிக அழுத்தம் தேவைப்படும் ஸ்லரி (துகள் கலந்த குழம்பு) லைன்களில் ஒரே பம்பை விரட்டாமல், ஒன்றின் வாயிலிருந்து அடுத்ததற்கு என்று பல பம்புகளைத் தொடராக வைக்கிறார்கள். ஆனால் குழாயில் ஓட்டம் ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து, துகள்கள் அடியில் படிந்து லைனே அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் உலோகம். ஸ்லரி பம்புகளில் குரோமியம் சுமார் 27% வரை கலந்த வெள்ளை வார்ப்பிரும்பு பிரபலம், அதற்குள் இருக்கும் கார்பைடுகள் குவார்ட்ஸைவிடக் கடினமானவை. துகள் பொடியாக, முனை மழுங்கி இருந்தால் ரப்பர் லைனிங் இன்னும் நன்றாக உழைக்கும், ஏனென்றால் ரப்பர் நெளிந்து அடியை வாங்கித் துகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கூரான பெரிய கல் வந்தால் கிழிந்துவிடும், எண்ணெய் கலந்திருந்தால் இயற்கை ரப்பர் உப்பிவிடும்.

திரவம் கெட்டியாகும்போது சென்ட்ரிஃபியூகல் பம்பின் திறன் சரிகிறது. அங்கே பிராக்ரசிவ் கேவிட்டி பம்ப் எனக்குப் பிடித்தமானது. 1930களில் பிரான்ஸைச் சேர்ந்த ரெனே முவானோ உருவாக்கிய வடிவம் இது: திருகு போன்ற உலோக ரோட்டார், அசையாமல் நிற்கும் ரப்பர் உறையான ஸ்டேட்டருக்குள் சுழல, இடையில் உருவாகும் அறைகள் கசடை அலுங்காமல் நகர்த்திக்கொண்டு போகும். கெட்டிக் கசடுக்கு அருமை, ஆனால் உள்ளே திரவம் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே ஸ்டேட்டர் சூடாகிக் கருகிவிடும். வறட்டு ஓட்டம் நேர வாய்ப்புள்ள இடத்தில் பாதுகாப்பு சென்சார் இல்லாமல் இதை வைக்கவே கூடாது.

ஹோஸ் பம்ப் இன்னொரு வழி. உருளையோ ஷூவோ ஹோஸை நசுக்கிக்கொண்டே போக, உள்ளிருப்பது குடலில் உணவு நகர்வது போல நகர்கிறது. திரவம் தொடுவது ஹோஸை மட்டும்தான், வறண்டு ஓடினாலும் கவலையில்லை. தேய்மானச் செலவு முழுக்க ஹோஸ் மாற்றுவதில் வந்து நிற்கும், ஓட்டமும் துடித்துத் துடித்து வரும். அழுத்தக் காற்றால் சவ்வை அசைத்து இயங்கும் டயாஃப்ரம் பம்பும் வறண்டு ஓடினால் தாங்கும், வெளியேறும் வால்வை மூடினாலும் சும்மா நின்றுவிடும், ஆனால் அழுத்தக் காற்றுக்கு நிறைய மின்சாரம் போவதால் இரவுபகலாக ஓட வேண்டிய இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கியர் பம்பை மணல் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பற்களின் நுண்ணிய இடைவெளியைத் துகள்கள் தின்றுவிடும்.

விலை கேட்கும்போது லிட்டரும் உயரமும் மட்டும் சொன்னால் போதாது. துகளின் அளவு, கூர்மை, எடையில் எத்தனை சதவீதம், திரவத்தின் பிசுபிசுப்பு, வெப்பநிலை, ரசாயனத் தன்மை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ஷாஃப்ட் சீலையும் மறக்க வேண்டாம், பல இடங்களில் முதலில் போவது அதுதான். தண்டைச் சுற்றி இறுக்கி வைக்கும் கயிறு போன்ற கிளாண்ட் பேக்கிங்குக்குள் சுத்தமான நீரை அழுத்தத்தோடு செலுத்தித் துகளை வெளியே நிறுத்தலாம், ஆனால் அந்த நீரில் கொஞ்சம் திரவத்தோடு கலந்துவிடும். அப்படிக் கலக்கக் கூடாத திரவம் என்றால் திரவப் பக்கத்தில் ஷாஃப்ட் சீலே இல்லாத ஹோஸ் பம்பையோ டயாஃப்ரம் பம்பையோ முதலில் பாருங்கள்.