ப்ராசசர் சூடு: எண்ணை விடுங்கள், ஏறும் விதத்தைப் பாருங்கள்

"சார், மூணாவது கோர் மட்டும் எப்பவும் பதினாலு டிகிரி கூட காட்டுது. ப்ராசசர் போச்சா?" என்று கேட்டபடியே ஒருவர் கேபினட்டை மேசைமேல் வைத்தார். அதற்குள் ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்டை மூன்று முறை மாற்றிப் பார்த்திருந்தார். கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்கை லேசாக அசைத்தேன், ஒரு மூலை ஆடியது. மதர்போர்டின் பின்பக்கம் பார்த்தால், கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று பாதிதான் வெளியே வந்திருந்தது. பேஸ்ட்மேல் குற்றமே இல்லை. கூலர் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்களுக்குள் சூட்டில் வித்தியாசம் இருந்தாலே கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கோருக்கும் தனி சென்சார். ஓரத்தில் இருப்பதைவிட, இரண்டு சூடான கோர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது கூடத்தான் காட்டும். முழு வேலையில் பத்து டிகிரி வரை வித்தியாசம் வந்தால் நான் கண்டுகொள்வதில்லை. சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை நம்புவது இன்னும் குறைவு. இன்டெல் சென்சார்கள் சூட்டின் உச்ச வரம்பை எட்ட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கின்றன. வரம்பை விட்டு விலக விலக அவற்றின் கணக்கும் பிசகும். 2017இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ் ப்ராசசர் இன்னும் வேடிக்கை: உண்மையான சூட்டோடு 20 டிகிரி சேர்த்தே வெளியே சொல்லும். ஃபேன் கட்டுப்பாட்டுக்காக ஏஎம்டியே வைத்த கணக்கு அது. அதைப் பார்த்துப் பதறிப்போய் கூலர் மாற்றியவர்கள் உண்டு.

நான் பார்ப்பது சூடு ஏறும் விதத்தை. ப்ராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்சை ஓடவிட்டு, பக்கத்தில் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொள்வேன். தொடங்கிய இரண்டாவது நொடியே 95க்குத் தாவி, நிறுத்தியதும் அதே வேகத்தில் பொத்தென்று விழுந்தால், சிப்பின் சூடு ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவில்லை. ஹீட்சிங்கின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். திரையில் 95, விரலுக்கு வெதுவெதுப்புகூட இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம்: கூலரின் பின் சரியாக உட்காரவில்லை, அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது கூலரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், அந்தத் தாளை நானே பலமுறை உரித்திருக்கிறேன். ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்கள் மட்டும் விதிவிலக்கு. முழு வேலையில் 95ஐத் தொட்டு அங்கேயே நிற்கும்படிதான் அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

அப்படி இல்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறி, ஹீட்சிங்கும் கை வைக்க முடியாதபடி கொதித்தால், பிரச்சினை காற்றில். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். எட்டு, பத்து டிகிரி இறங்கினால் உள்ளே காற்றோட்டம் போதவில்லை. இறங்கவே இல்லையென்றால் ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே கம்பளிபோல் படிந்திருக்கும் தூசியைத் தேடுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். லிக்விட் கூலர் என்றால் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தால் போதும். ஒன்று சுடச்சுட, மற்றது சில்லென்று இருந்தால் பம்ப் ஓடவில்லை.

கூலரில் எந்தக் குறையும் இல்லாமல் சூடு ஏறினால், மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸைப் பார்க்க வேண்டும். பல மதர்போர்டுகள் மின்சார வரம்பைத் தளர்த்தியே வருகின்றன. பெட்டியில் 65 வாட் என்று போட்ட சிப் நூறைத் தாண்டி இழுக்கும். வரம்பைப் பழையபடி வைத்தால், வேகம் கொஞ்சம் குறைந்து சூடு நிறைய இறங்கும்.

எல்லாம் சரிபார்த்த பிறகும் ஒரே கோர் தனித்துச் சூடாக இருக்கிறதா? கூலரைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பாருங்கள். சூடு வேறு கோருக்கு மாறினால் மாட்டுவதில்தான் குறை. அதே கோரில் நின்றால் அது சிப்பின் சுபாவம். சூடு உச்ச வரம்பைத் தொடாதவரை விட்டுவிடலாம்.

கழற்றுமுன் ஒன்று. ப்ராசசர் உட்காரும் இடம் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் என்றால் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால், அதைப் பிடித்திருக்கும் சாக்கெட் லீவர் பூட்டியிருந்தாலும் ப்ராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதன் அடியில் 1331 பின்கள். அதில் வளைந்த நான்கை ஊசியால் நிமிர்த்த எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது.